சிவப்பும் வெள்ளையும் ஒரே வாளியில்

நான் வேலை பார்த்த உரக் கம்பெனியிலிருந்து அண்மையில் ஓர் இளம்பெண் போன் செய்தார். கம்பெனி ஆண்டு மலர் போடுகிறதாம். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். "கொஞ்சம் இன்ஸ்பைரிங்கா இருக்கட்டும் லா அங்கிள். பழைய போட்டோ இருந்தா ரெண்டு அனுப்புங்க" என்றார். பேச்சுவாக்கில் புதிய கருவி ஒன்றைப் பற்றியும் சொன்னார். நிலத்தில் பல இடங்களில் அதைக் குத்தினால் எல்லா அளவுகளையும் சேர்த்துச் சராசரி எடுத்து, எந்த நுண்ணூட்டத்தை எவ்வளவு போட வேண்டும் என்று கைப்பேசியிலேயே காட்டிவிடுமாம். "ஒரே நம்பர்தான் அங்கிள், ரொம்ப ஈஸி" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்மேல் கோபமும் இல்லை. அவர் கேட்டபடி ஒரு பக்கம் நல்ல பிள்ளையாக எழுதி, இரண்டு போட்டோவும் அனுப்பிவிட்டேன். அதில் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

பாலிடெக்னிக்கில் வேதியியல் படித்துவிட்டு அந்தக் கம்பெனியின் மண் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் குடுவை கழுவினேன், தட்டுகளில் மண்ணைக் காயவைத்தேன், மரக்கட்டையால் இடித்துச் சலித்தேன். வீட்டில் 'லேப்பில் வேலை' என்று சொல்லி வைத்திருந்தேன். மண் இடிக்கும் வேலை என்று சொல்லவில்லை. ஃபேரர் பார்க்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கூடும் நண்பர்கள்தான் குட்டை உடைத்தார்கள். "சிங்கப்பூர்ல ஏதுடா மண்ணு? சிமெண்ட டெஸ்ட் பண்றியா?" என்பார்கள்.

அவர்கள் கிண்டலுக்குச் சொன்னாலும் அதில் பாதி உண்மை. இந்தத் தீவில் மண் குறைவு, வகைதான் அதிகம். மேட்டுப் பக்கம் போனால் செங்கல் நிறத்தில் களிமண், நல்ல புளிப்பு, அதாவது அமிலம் கூடியது. தாழ்வான இடத்தில் தோண்டினால் கடற்சேறு. கடலைத் தூர்த்த இடங்களில் கிளிஞ்சல் கலந்த வெள்ளை மணல். கட்டடங்களைச் சுற்றி மேலே ஒரு முழம் நல்ல மண்ணும் அதற்குக் கீழே உடைத்துப் போட்ட கான்கிரீட்டும் இருக்கும். ஒரே தெருவில் இந்தப் பக்கம் ஒரு மண், அந்தப் பக்கம் வேறு மண். ஒரே உரத்தை இரண்டு பக்கமும் போட்டால் ஒரு பக்கம் செழிக்கும், மறுபக்கம் சாகும்.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் திரு. குவெக் என்ற சீனர், என் மேலதிகாரி. அவரைப் பற்றி நான் எழுதப்போவது எல்லாம் கசப்புதான். அதனால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கொண்டோ குடியிருப்பில் வேலி முழுக்க இட்லிப்பூச் செடி மஞ்சளடித்துப்போய் நின்றது. இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. இரும்புச் சத்து இல்லை என்று தோட்டக்காரர்கள் மாதாமாதம் அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். செடி கொஞ்சமும் தேறவில்லை. குவெக் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுத் தானே மண்டியிட்டுத் தோண்டினார். கீழிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, பையிலிருந்த அமிலப் புட்டியைத் திறந்து இரண்டு சொட்டு விட்டார். மண் சோடா மாதிரி பொங்கியது.

"பார்த்தாயா முத்து, சுண்ணாம்பு. இந்த மண்ணில் நீ எவ்வளவு இரும்பு ஊற்றினாலும் மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும். வேருக்கு ஒன்றும் கிடைக்காது. இலையில் தெளிக்க வேண்டும், அல்லது சுண்ணாம்பால் பூட்ட முடியாத வகை இரும்பாகக் கொடுக்க வேண்டும்" என்று ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினார். அதோடு இன்னொன்றும் சொன்னார். புளிப்பு மண்ணில் கதை நேர் எதிர். அங்கே மாங்கனீசு ஏற்கெனவே கரைந்து வேருக்குத் தாராளமாகக் கிடைக்கும். மேலே நாம் வேறு போட்டால் அதுவே செடிக்கு விஷமாகும். இவ்வளவும் தெரிந்த மனிதர் அவர். என் ஆற்றாமைக்குக் காரணமும் அதுதான்.

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. காலையில் சர்க்கரை போடாத கோப்பி, மேசையில் பென்சில்கள் ஒரே திசையில் வரிசையாக. அறிக்கையைக் கொடுத்தால் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். ஒரே மண்ணை மூன்று தடவை சோதித்து ஒன்று மட்டும் விலகி வந்தால் அந்த எண்ணைச் சுற்றி மெல்லிசாக ஒரு வட்டம் போட்டு, "க்ளீன் டேட்டா, முத்து, க்ளீன் டேட்டா" என்று காகிதத்தை என் பக்கம் தள்ளுவார். வருடங்கள் போகப் போக, அவர் பதவி உயர உயர, தோண்டுவது நின்றுபோனது. வட்டம் போடுவது மட்டும் மிச்சமாக இருந்தது. விலகி நிற்கிற எண்தான் நிலம் நம்மிடம் பேசுகிற பேச்சு என்பது அவருக்குத் தெரியும். ஆனால் விலகி நிற்கிற எண்ணுக்கு மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டும், அதுதான் அவருக்குப் பிடிக்காது.

கம்பெனி ஒரு திட்டம் கொண்டுவந்தது. வடமேற்குப் பக்கத்துக் காய்கறிப் பண்ணைகளுக்கு மண் சோதனை, உரக் கலவை, ஆலோசனை மூன்றும் ஒரே பொட்டலமாக. அதற்கு ஒரு விதி: ஒரு நிலத்துக்கு ஒரு வாளி. நிலத்தில் கோணல்மாணலாக நடந்து பதினைந்து இடத்தில் துளைக்கருவியை இறக்கி, வந்த மண்ணையெல்லாம் ஒரே வாளியில் போட்டுக் கலக்க வேண்டும். கலந்ததைக் குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை எறிந்துவிட்டு மீண்டும் கலக்க வேண்டும். கடைசியில் ஒரு பிடி மண் பைக்குப் போகும், அந்த ஒரு பிடிதான் முழு நிலத்துக்கும் சாட்சி. நிலம் ஒரே மண்ணாக இருந்தால் இதைவிட நல்ல முறை கிடையாது. இல்லாவிட்டால், உலகத்திலேயே இல்லாத ஒரு மண்ணை நம் கையாலேயே தயாரித்து அதற்கு வைத்தியம் பார்க்கிறோம்.

செல்வத்தின் நிலத்துக்கு நான் போனது அந்தத் திட்டத்தில்தான். செல்வமும் அவர் அண்ணன் நடேசனும் கறிவேப்பிலையும் தண்டுக்கீரையும் போட்டுத் தேக்கா சந்தைக் கடைகளுக்குக் கொடுப்பவர்கள். பழைய நிலத்தின் குத்தகை முடிந்து அரசாங்கத்திடம் புது நிலம் வாங்கியிருந்தார்கள். அரசாங்கம் அதற்கு ஒரு கெடு வைத்திருந்தது. அதற்குள் குறிப்பிட்ட அளவு விளைச்சல் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் நிலம் கைவிட்டுப் போகும். அதுவரை துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிக்கொண்டிருந்த நடேசன், தம்பியின் விவசாயத்தை நம்பி அந்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். வெயிலில் தொப்பிகூட இல்லாமல் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்த அவர் என்னைப் பார்த்ததும், "சார், எனக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாம் தம்பிதான். அவன் சொன்னா சரியா இருக்கும்" என்று சிரித்தார்.

துளைக்கருவியில் முதல் ஏழெட்டுத் தடவை சிவப்புக் களிமண் வந்தது. நிலத்தின் பாதியைத் தாண்டியதும் வெளுத்த மணல் வந்தது, நடுவே கிளிஞ்சல் துண்டுகள். எந்தக் காலத்திலோ சாலை போட்டவர்கள் கொட்டிவிட்டுப் போன தூர்மணல். மேலே புல் மூடியிருந்ததால் பார்வைக்குத் தெரியவில்லை. நான் அமிலப் புட்டியைத் திறந்தேன். சிவப்பு மண் சும்மா இருந்தது. வெள்ளை மணல் பொங்கியது. செல்வம் பக்கத்திலேயே குந்தியிருந்தார்.

"என்ன சார், இது மட்டும் பொங்குது?"

"மண்ணு வேற வேற மாதிரி இருக்கு. ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

கேட்கவும் செய்தேன். அங்கிருந்தே குவெக்குக்குப் போன் போட்டு, இது இரண்டு நிலம், இரண்டு வாளி எடுக்கிறேன் என்றேன். அதே அமைதியான குரலில் பதில் வந்தது: "ஒரு நிலம், ஒரு வாளி. இவருக்குப் பிரித்தால் எல்லாருக்கும் பிரிக்க வேண்டும். திட்டம் ஆரம்பத்திலேயே அசிங்கமாகிவிடும், முத்து."

வாளியில் போட்டுக் கலக்கினேன். வேறு யாரும் இல்லை, நான்தான், இந்தக் கையால்தான். சிவப்பும் வெள்ளையும் சேர்ந்து பார்க்க லட்சணமான பழுப்பு நிறம் வந்தது. படிவத்தில் மண்ணின் நிறம் எழுத ஒரே ஒரு கட்டம். 'பழுப்பு' என்று எழுதினேன். ஆய்வகத்தில் சலிக்கும்போது கிளிஞ்சல் துண்டுகள் சல்லடைமேல் நின்றன. சல்லடைமேல் நிற்பதைக் குப்பையில் போடுவது முறை. முறைப்படி போட்டேன். அமில அளவு, அதாவது பிஎச், ஏழுக்குச் சற்றுக் கீழே வந்தது. கீரைக்காரன் கனவு காணும் அளவு. மூன்று தடவையும் ஒரே எண். குவெக் வட்டம் போடவே இல்லை.

அந்த இல்லாத மண்ணுக்கு எங்கள் கம்பெனி இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், போரான் கலந்த பொதுக் கலவையைச் சிபாரிசு செய்தது. செல்வம் நிலம் முழுக்க ஒரே சீராகப் போட்டார். சில வாரத்தில் மணல் பக்கத்துக் கறிவேப்பிலைக் கொழுந்து மஞ்சளாகி, பிறகு காகிதமாக வெளுத்தது. நாங்கள் போட்ட இரும்பை மணல் பூட்டிக்கொண்டது. களிமண் பக்கம் கீரையின் அடியிலைகளில் பழுப்புப் புள்ளி விழுந்து இலை சுருண்டது. அங்கே மாங்கனீசு ஏற்கெனவே அதிகம், நாங்கள் வேறு ஊட்டினோம். செல்வம் மஞ்சள் இலையையும் புள்ளி விழுந்த இலையையும் எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். குவெக் மஞ்சள் இலையை மட்டும் கையில் எடுத்துப் பார்த்தார். "அளவு போதவில்லை. இரண்டு மடங்காக்கச் சொல்" என்றார். புள்ளி விழுந்த இலை மேசையிலேயே கிடந்தது. அது விலகி நின்ற எண்.

அதை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்ட எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் செய்யவில்லை. செல்வத்திடம் போய், "ரெண்டு மடங்கா போடச் சொல்றாங்க" என்று சொன்னேன்.

"நீங்க என்ன சார் சொல்றீங்க?"

"அவர் பெரிய ஆளு. அவர் சொல்றதப் போடுங்க."

போட்டார். களிமண் பக்கம் கீரை பாத்தி பாத்தியாகப் படுத்தது.

கெடு முடியப் போகும் நேரத்தில் அண்ணன் தம்பி இருவரும் கம்பெனிக்கு வந்தார்கள். நிலத்தைக் காப்பாற்ற ஒரு கடிதம் வேண்டும், பயிர் போனது அவர்கள் தவறால் அல்ல என்று. அந்தக் கடிதம் இருந்தால் கெடுவை நீட்டித் தர வாய்ப்பிருந்தது. கூட்ட அறையில் நான்கு பேர். குளிரூட்டி பலமாக ஓடியது. நடேசன் வேலை கேட்டு வந்தவர் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். குவெக், செல்வம் உரம் போட்ட கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார். ஓரிடத்தில் அடுத்தடுத்த இரண்டு நாளில் ஒரே பதிவு இருந்தது. மழை வந்து பாதியில் நிறுத்தி மறுநாள் மீதியைப் போட்டேன் என்று செல்வம் சொன்னார். குவெக் அந்த இரண்டு வரியைச் சுற்றிப் பென்சிலால் மெல்லிசாக ஒரு வட்டம் போட்டார்.

"இங்கே இரண்டு தடவை போட்டிருக்கிறீர்கள். நாங்கள் சொன்ன இரண்டு மடங்கு, நான்கு மடங்காகியிருக்கிறது. எங்கள் மண் அறிக்கையில் தவறு இல்லை. சரிதானே, முத்து?"

செல்வம் என்னைப் பார்த்தார். நடேசனும் பார்த்தார். என் வாயில் கொழுக்கட்டையா இருந்தது? என் பையில் அன்றைய வயல் குறிப்பேடு இருந்தது. சிவப்பு எது வரை, வெள்ளை எங்கிருந்து, பொங்கியது எது என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அந்த மாதம் என் பதவி உயர்வுக் காகிதம் குவெக்கின் மேசையில் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், பூசி மெழுக எனக்கு இனி வயதில்லை.

தலையை ஆட்டினேன்.

கடிதம் கிடைக்கவில்லை, நிலம் போனது. எனக்குப் பதவி உயர்வு வந்தது. குவெக் கைகுலுக்கி, என் பென்சில்களை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, அவற்றை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுப் போனார். அவர் சில வருடம் கழித்து நல்ல பெயரோடு ஓய்வு பெற்றார். பிறகு நானும் பெற்றேன். வருத்தப்பட்டாயா என்றால் பட்டேன். ஆனால் வருத்தப்பட்டுக்கொண்டே சம்பள உயர்வையும் வாங்கிக்கொண்டேன். அப்படிப்பட்ட வருத்தத்துக்கு என்ன மரியாதை இருக்கிறது?

அந்தப் பெண் போன் செய்த மறுநாள் தேக்காவுக்குப் போனேன். மனம் சரியில்லாவிட்டால் அங்கே போய்க் காய்கறி வாங்குவது என் வழக்கம். சந்தைக்குப் பக்கத்துக் கடையொன்றில், வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்த கறிவேப்பிலையைக் கட்டுக்கட்டாகப் பிரித்துக்கொண்டிருந்தவர் செல்வம். முடி முழுக்க நரைத்துவிட்டது. கடை அவருடையதல்ல. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"வாங்க சார். எவ்வளவு வேணும்?"

நான் கறிவேப்பிலை வாங்க வரவில்லை என்றேன். அங்கேயே நின்றபடி, ஆட்கள் இடித்துக்கொண்டு போக வர, எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வாளி கேட்டது, ஒரே வாளியில் கலந்தது, பழுப்பு என்று எழுதியது, தப்பு உங்களுடையது அல்ல என்பது. அவர் கை கட்டுவதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும் சார். பொங்குனத நானும்தான பாத்தேன்."

"அப்ப ஏன் அந்த ரூம்ல நீங்க சொல்லல?"

"நான் சொன்னா சாக்கு சொல்றேம்பாங்க. நீங்க சொன்னா சயின்ஸு. நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்." கட்டு ஒன்றை முடித்து வைத்துவிட்டுத் தொடர்ந்தார். "நிலம் போனது கூடப் பரவால்ல சார். அண்ணன் அன்னிக்கு லிஃப்ட்ல வச்சு என்கூடப் பேசுறத நிறுத்துனவரு. நான் அளவு பாக்காம கொட்டித்தான் எல்லாம் போச்சுன்னு கடைசி வரைக்கும் நினைச்சாரு. போன வருஷம் போய்ட்டாரு. ஹாஸ்பிட்டல்ல கூட என்னைப் பாக்க மாட்டேன்னுட்டாரு. அண்ணி வீட்டுப் படிய நான் இன்னும் மிதிக்கல."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை வாங்கிக்கொள்ளவும் இல்லை, தள்ளவும் இல்லை.

"என்கிட்ட சொல்லி என்ன சார் ஆகப்போகுது? எனக்கு ஏற்கெனவே தெரியும். அண்ணிகிட்ட போய்ச் சொல்லுங்க. புக்கிட் மேரா, பழைய வீடுதான்."

முகவரியையும் தன் போன் எண்ணையும் அவர் கறிவேப்பிலை சுற்றும் செய்தித்தாள் ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். அன்றே பேருந்து பிடித்துப் போனேன். தள்ளிப் போட்டால் போக மாட்டேன் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும். நடேசனின் மனைவி கதவைத் திறந்தார். கம்பெனிப் பெயரைச் சொன்னதும் ஒரு கணம் யோசித்தார். உள்ளே வரச் சொல்லி, மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். சுவரில் நடேசனின் படம், தொப்பி இல்லாமல், அன்று பார்த்த அதே சிரிப்போடு.

செல்வத்திடம் சொன்னதையே அவரிடமும் சொன்னேன், இன்னும் எளிமையாக. ஒரே நிலத்தில் இரண்டு மண். ஒன்றுக்கு மருந்தானது மற்றொன்றுக்கு விஷம். அது எனக்குத் தெரியும். உங்கள் கொழுந்தனார் நாங்கள் சொன்ன அளவைத்தான் போட்டார், ஒரு கரண்டி கூடுதலாகப் போடவில்லை. மழைக்கு நிறுத்தி மறுநாள் போட்டார் என்பது உண்மைதான். நான் முடித்ததும் அந்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அன்னிக்கு அந்த ரூம்ல சரிதானேன்னு கேட்டப்ப தலைய ஆட்டுனது நீங்கதானா?"

"ஆமாம்மா."

அவர் படத்தைப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"வீட்டுக்கு வந்து இவரு சொன்னாரு. 'அந்தச் சீனர் பேசுனத நான் நம்பல, கம்பெனிக்காரன் அப்படித்தான் பேசுவான். ஆனா நம்ம தமிழ்க்காரர் ஒருத்தர் இருந்தாரு, நிலத்துக்கே வந்து மண்ணு எடுத்தவரு. நல்ல மனுசன், தப்பா இருந்தா சொல்லியிருப்பாரு. அவரே தலைய ஆட்டிட்டாரு'ன்னு."

அவர் எழுந்து அலமாரியிலிருந்து கைப்பேசியை எடுத்தார். செல்வத்தின் எண் மாறிவிட்டதா என்று கேட்டார். அன்று காலை அவர் எழுதிக் கொடுத்த எண்ணைச் சொன்னேன். ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். அழைப்புப் போகும் சத்தம் எனக்கும் கேட்டது.

"நீங்க கிளம்புங்க" என்றார். "நான் எங்க தம்பிகூடப் பேசணும்."